கழுவ எடுத்த கண்ணாடி

சென்ற மாதம் தில்லியில் என் மகனை அடித்துவிட்டேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. இதுவரை அடித்ததில்லை. காய்ச்சல், தேர்வு, சாலையைக் கடப்பது, கைப்பேசியில் யாரோடு பேசுகிறான் என்பது என எல்லாவற்றுக்கும் பயப்படுகிற அம்மாதான் நான். ஆனால் கை நீண்டதில்லை. அன்று நீண்டது. அதுவும் தலைவருக்காக நாடு கட்டியிருக்கும் நினைவகத்துக்குள், பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

தலைவர் யார் என்று விளக்க வேண்டியதில்லை. நீலக் கோட்டு, கையில் சட்டப் புத்தகம், கண்ணாடி என்றால் யாருக்கும் தெரியும். நான் வளர்ந்த ராயபுரத்துக் குடியிருப்பில் அவரைப் பெயர் சொல்லி யாரும் குறிப்பிட்டதில்லை. எங்களுக்குத் தலைவர் என்றால் அவர் ஒருவர்தான்.

அந்த நினைவகத்தில் ஒரு கூடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல ஒரு சிலை இருந்தது. சுற்றிலும் இடுப்பளவுக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். நான் சுவரில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது என் மகன் கயிற்றின் மேல் சாய்ந்து, சிலையின் மூக்குக் கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். எப்படி அவ்வளவு தூரம் போனேன் என்று தெரியவில்லை. அடி அவன் மணிக்கட்டில் விழுந்தது. காவலாளி அதற்குப் பிறகுதான் வந்தார். வந்தவர் அவனைத் திட்டவில்லை, என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"தூசி இருந்துச்சும்மா. துடைக்கலாம்னு பார்த்தேன்" என்றான். அவன் கையில் கைக்குட்டை இருந்தது.

வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். என் கணவர் தேநீர் வாங்கி வந்தார். வெயிலில் தலை சுற்றுகிறது என்று சொன்னேன். திரும்பி வரும் ரயிலில் மகன் மேல் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவனுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பு ஹார்பர் சுவருக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவில் இருந்தது. மூன்று மாடி ஹவுசிங் போர்டு வீடுகள். தொண்ணூறுகளின் கடைசி அது. நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஹார்பரில் அப்போது நிலக்கரி இறங்கும். கரிக் கப்பல் வந்திருக்கிறதா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, கொடியில் காயும் வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் போதும். சோற்றுப் பானையின் மூடியிலும், பாட நோட்டின் அட்டையிலும், தூங்கும் குழந்தையின் மூக்கு ஓரத்திலும் கரி இருக்கும். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எல்லா ஊரிலும் காற்று கறுப்பாகத்தான் இருக்கும் என்று எனக்கு எண்ணம்.

அப்பா ஹார்பரில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைப் பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளும் வேலை. நாங்கள் அவரை நைனா என்று கூப்பிடுவோம். தடித்த கண்ணாடி போட்டிருப்பார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டுவார். பேச மாட்டார். நானும் பேசாமல் வாங்கிக்கொள்வேன். அதைத் துடைப்பது வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே வேலை. அதில் தம்பியைக்கூட நான் சேர்த்துக்கொண்டதில்லை.

அதற்கு ஒரு முறை உண்டு. கரி படிந்த கண்ணாடியைக் காய்ந்த துணியால் துடைக்கக் கூடாது. கரித்தூள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். தூள் தானாகக் கழன்று போன பிறகு, அப்பாவின் பழைய லுங்கியில் கிழித்து வைத்திருந்த துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. தண்ணீர் இல்லாத நாளில் கண்ணாடியைத் தொடவே கூடாது. அப்பா எனக்கு இதை ஒருமுறைதான் சொன்னார். நான் அதைத் திருக்குறளுக்கு மேலாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

குடியிருப்பின் முனையில், தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில், ஒரு குப்பைமேடு இருந்தது. அங்கே தலைவருக்கு ஒரு நினைவு மண்டபம் கட்ட வேண்டும் என்று அப்பா ஏழு வருடம் மனு எழுதினார். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் மண்டபக் குழுவுக்கு அவரைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அதே இடத்தில் ஆட்டோ ஸ்டாண்டு வேண்டும் என்றார்கள். இரண்டு பக்கமும் பல தடவை கை ஓங்கியிருக்கிறது, ஆனால் யாரும் அடித்துக்கொண்டதில்லை. கடைசியில் எங்களுக்கு அனுமதி வந்தது. வந்த கடிதத்தை அப்பா ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மடித்த இடத்தில் அது கிழிய ஆரம்பித்த பிறகுதான் அம்மா பிடுங்கிப் பெட்டியில் வைத்தாள்.

மண்டபம் சின்னது. நடுவில் ஒரு தாழ்ந்த மேடை, மேடையில் உட்கார்ந்த நிலையில் தலைவர். வாசலில் கறுப்புக் கல்வெட்டு. அதில் திறப்பு விழா நாளுக்குக் கீழே குழுவில் இருந்த ஏழு பேருடைய பெயர்கள். மூன்றாவது பெயர் அப்பாவுடையது. கல் வந்து இறங்கிய அன்று என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். அந்த வயதில் என்னைத் தூக்குவது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. என் விரலைப் பிடித்து எழுத்துகளின் மேல் ஓட்டினார். குழியாக, வழவழப்பாக இருந்தது. "ஆயிரம் வருஷம் இருக்கும்" என்றார். அவர் மிகைப்படுத்திப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

சிற்பி சிமெண்டில் முகத்தை நன்றாகச் செய்திருந்தார், கண்ணாடிதான் வரவில்லை. இரண்டு தடவை செய்து இரண்டு தடவையும் உடைந்தது. அதனால் அசல் கண்ணாடியே வாங்கி மாட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. வாங்கி வந்தது சித்தப்பா. அப்பாவின் தம்பி, இளைஞர்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவர், குரல் பெரிது. வண்ணாரப்பேட்டைக் கண்ணாடிக் கடையில் நடந்ததை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பவரு இன்னான்னு கேட்டான். எங்க தலைவரு பவருக்கு உன் கடையில கண்ணாடியே கெடியாது, சும்மா வெறும் கண்ணாடி குடுன்னேன்."

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. மாலையில் பெண்கள் மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். சிலையின் மேல் நீலத் துணி போர்த்தியிருந்தது. அந்த நேரம், எங்களைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் ஆட்டோக்காரர் வண்டியை முனையில் நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர். ஆனால் இந்தப் பக்கத்துக் குழந்தைகள் ஆறு பேரைத் தினமும் ஏற்றிப்போவார். ஒவ்வொருவருக்கும் ஒரு பதவி கொடுத்திருந்தார். நான் கலெக்டரம்மா. யாரோ துணியை விலக்கிச் சிலையைக் காட்டினார்கள். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஷோக்காதான் கீறாரு. ஆனா இன்னா மாமு, கண்ணாடி பூரா கரி. இத்தப் போட்டுக்கினு அவரு இன்னாத்தப் பாக்கப் போறாரு?"

"உங்க ஸ்டாண்டு மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னுதான் போட்டுக் கீறோம். நீ கெளம்பு" என்றார் சித்தப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டோக்காரர்தான் அதிகமாகச் சிரித்தார். இதை நான் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மாலையில் அங்கே யாருக்கும் கோபம் இல்லை.

எனக்கு மட்டும் அந்தப் பேச்சு உறுத்தியது. பெண்கள் வாசலுக்குப் போனதும் நான் துணிக்குள் நுழைந்தேன். பெயிண்டர் விட்டுப்போயிருந்த ஸ்டூல் அங்கேயே இருந்தது. ஏறிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. மதியம்தான் கரிக் கப்பல் வந்திருந்தது. இரண்டு கண்ணாடியும் சாம்பல் பூத்துக் கிடந்தன. மூன்று நாளில் பெரியவர்கள் எல்லாம் வரப்போகிறார்கள். அப்பா இப்படி ஒரு கண்ணாடியோடு வெளியே போக நான் விட்டதில்லை.

பாவாடையால் துடைத்திருக்கலாம். ஆனால் காய்ந்த துணி. கீறிவிடும். அதனால் இரண்டு காதுகளிலிருந்தும் மெதுவாகக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் தண்ணீர் இல்லை. அன்று லாரி வராத நாள். குடிக்க ஒரு குடம்தான் இருந்தது, அதை அம்மா தொட விடமாட்டாள். காலையில் பள்ளிக் குழாயில் கழுவிக்கொள்ளலாம், மாலையில் வந்து மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். கண்ணாடியை லுங்கித் துண்டில் சுற்றிப் புத்தகப் பையில் வைத்தேன். அப்பா அன்று இரவு வேலைக்குப் போயிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று தோன்றியதாக நினைவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை எங்களை ஏற்றிக்கொண்டு ஆட்டோ முனையில் திரும்பும்போது மண்டபத்தின் முன்னால் கூட்டம் நின்றது. விடிந்ததும் சித்தப்பா விளக்கு மாட்ட வந்தவர் துணியை விலக்கிப் பார்த்திருக்கிறார். தலைவர் முகத்தில் கண்ணாடி இல்லை.

"தோ, வந்துட்டான் பாரு!" என்று யாரோ கத்தினார்கள்.

ஆட்டோவை மறித்துக்கொண்டார்கள். ஆட்டோக்காரர் முதலில் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். "இன்னா மாமு, காலங்காத்தால பேஜாரு?" என்றார்.

"கண்ணாடி எங்கடா?"

"எந்தக் கண்ணாடி?"

"நேத்து நீதானடா கேலி பண்ண? ஒனக்குத்தானடா கண்ணு உறுத்துச்சி? எங்கடா வச்சிக் கீற?"

"ஐயோ, கொயந்தைங்க கீதுப்பா வண்டியில. அதுங்கள எறக்கிட்டு வந்து பேசறேன்" என்றார். அதற்குள் முதல் அடி விழுந்தது. யாரோ இரும்புக் குழாயால் ஆட்டோவின் முன் கண்ணாடியில் ஓங்கி அடித்தார்கள். சில்லுகள் எங்கள் மடிமேல் கொட்டின. பக்கத்தில் இருந்த பெண் அழ ஆரம்பித்தாள். நான் அழவில்லை. புத்தகப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் தெரியாதா என்று என் மகன் கேட்கக்கூடும். தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. அவர்கள் திருட்டுப்போன ஒரு கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் இருந்தது கழுவ எடுத்த கண்ணாடி. நேற்றுக் கேலி பேசினாரே, அதற்காக அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் பையின் மேலிருந்து நான் கையை எடுக்கவில்லை என்பதும் உண்மை. ஒன்பது வயதில் இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள முடியும்.

அம்மா ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். எங்கள் மாடி நடையிலிருந்து பார்த்தால் மண்டபம் நேர் கீழே தெரியும். பெண்கள் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நின்றன. ஆட்டோக்காரரை மண்டபத்துப் படியில் உட்கார வைத்திருந்தார்கள். புருவத்திலிருந்து ரத்தம் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். கையில் என்னென்னவோ வைத்திருந்தார்கள். நடுவில் நான்கு போலீஸ்காரர்கள், மேலிடத்திலிருந்து யாராவது வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கல் வந்து விழுந்தது. இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று போனது.

அப்போதுதான் அப்பா வேலை முடிந்து வந்தார். பின்பக்க வழியாக வந்திருக்கிறார். வாசலில் நின்றபடி கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். ஊர் அப்படிக் கிடக்கும்போதும் கை பழக்கத்தில் நீண்டது.

"இன்னா கூட்டம்?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சொன்னாள். சொல்லிக்கொண்டே ஆணியைத் தடவினாள். லுங்கித் துண்டு எப்போதும் தொங்கும் ஆணி அது.

"எங்கடி அந்தத் துணி?"

துணி என் பையில் இருந்தது. எடுத்தேன். எடுக்கும்போது அதோடு சேர்ந்து தலைவருடைய கண்ணாடியும் வந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா நெற்றியைச் சுருக்கி, கண்ணாடி இல்லாத கண்ணால், அதைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கரியா இருந்திச்சி நைனா. நீதானே ஈரத்துலதான் தொடைக்கணும்னு சொன்ன. தண்ணி இல்ல" என்றேன்.

கீழே ஒரு பாட்டில் உடையும் சத்தம் கேட்டது. அப்பா போய்க் குடத்தைச் சாய்த்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீர்.

"ஊரே பத்திகினு எரியுது, நீ இன்னா பண்ற?" என்றாள் அம்மா.

அவர் கிண்ணத்தை என் முன் வைத்தார். "நீயே கழுவு. ஒயுங்கா கழுவு."

நான் ஒழுங்காகக் கழுவினேன். முக்கி எடுத்தேன். தூள் கழன்று கிண்ணத்தின் அடியில் இறங்கும் வரை காத்திருந்தேன். ஒற்றி எடுத்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. அவர் பயந்துபோய் நேரத்தைக் கடத்துகிறார் என்று அம்மா பிறகு பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கழுவி முடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். தலையை ஆட்டினார். தன்னுடைய கண்ணாடியைக் கரியோடு அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டார். சுத்தமான கண்ணாடியைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினார். இறங்கும் முன் அம்மாவிடம், "புள்ள வாயத் தொறக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா கூட்டத்துக்குள் நுழைந்து, படியில் உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரருக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் போய் நின்றார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்று மாடி வரைக்கும் கேட்டது.

"கண்ணாடி என்கிட்ட கீது. நான்தான் எடுத்தேன். நேத்து வேலைக்குப் போறப்போ பாத்தேன், பூரா கரி. கழுவ எடுத்துகினு போனேன். இவன் மேல கைய வைக்காதீங்க."

துணியைப் பிரித்துக் காட்டினார். வெயிலில் கண்ணாடி பளிச்சென்று மின்னியது. முன்னால் நின்றவர்கள் கையைத் தாழ்த்தினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

"யார்ணா சொல்லச் சொன்னாங்க? யாரக் காப்பாத்தப் பாக்கற?" என்றார் சித்தப்பா.

"யாரையும் இல்ல. கழுவ எடுத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லத் தெரியாது?"

"தப்புதான்."

"பொம்பளைங்க ரோட்ல குந்திகினு கீறாங்க, தலைவரு மூஞ்சிய மொட்டையாக்கிட்டு நீ கண்ணாடி கழுவிகினு இருந்தியா? அவனுங்க நம்மளப் பாத்து சிரிப்பானுங்களேண்ணே! நம்ம ஆளே எடுத்துட்டு நாமளே அடிச்சிக்கினோம்னு சிரிப்பானுங்களே!"

"என்னப் பாத்து சிரிக்கட்டும்" என்றார் அப்பா.

சித்தப்பா அப்பாவை அடித்தார். அப்பாவின் கண்ணாடி கீழே விழுந்தது. அவர் குனிந்து தரையைத் தடவினார். கூட்டத்தில் யாருடைய காலோ அதை மிதித்தது. சத்தம் மாடி வரை கேட்டிருக்க முடியாது, ஆனால் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கிறது.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். எங்கள் ஆளை எங்கள் ஆட்களே அடித்துக்கொண்டிருக்கும்போது அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. யாரோ சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கையில் இருந்ததையெல்லாம் கீழே போட்டுவிட்டு, ஆட்டோக்காரரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்கள். லாரிகள் நகர்ந்தன. யாரும் சாகவில்லை. அந்த நாள் செய்தித்தாளில்கூட வரவில்லை.

அன்று மாலையே மண்டபத்தின் வாசலில் ஒரு கொத்தனார் உட்கார்ந்திருந்தார். கல்வெட்டில் மூன்றாவது பெயரின் எழுத்துகளுக்குள் சிமெண்டை அப்பி நிரவிக்கொண்டிருந்தார். அது காய்ந்ததும் மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் பெயர் பள்ளமாக இருந்ததால் அதில் கரி சேரும், அதற்காக மூடுகிறார்கள் என்று தம்பிக்கு விளக்கினேன். அடுத்த மழைக்காலத்தில் பெயிண்ட் கரைந்துபோயிற்று. கறுப்புக் கல்லில் சிமெண்டு எழுத்துகள் வெளுத்துத் தெரிந்தன. ஏழு பெயர்களில் தெருவிலிருந்தே படிக்க முடிந்தது மூடிய பெயரைத்தான். ஆனால் அது பிறகு.

மறுநாள் அப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி இல்லாததால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாலையைக் கடக்கும்போது நான்தான் சொன்னேன், இப்போ வா, இப்போ நில்லு என்று. என்னை வராந்தாவில் பன் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஆட்டோக்காரருக்குப் புருவத்தில் தையல் போட்டு, ஒரு கண்ணை மூடிக் கட்டியிருந்தது. மறு கண்ணால் என்னை நெடுநேரம் பார்த்தார். சிரிக்கப் போகிறாரா, திட்டப் போகிறாரா என்று தெரியவில்லை.

"இன்னா கலெக்டரம்மா, தலைவருக்கு இப்போ கண்ணு நல்லாத் தெரியுதா?" என்றார்.

"தெரியும்" என்றேன்.

"அப்போ சரி" என்றார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மிச்சப் பன்னைத் தின்றேன். அவர் அதன் பிறகு எங்களை ஏற்ற வரவில்லை. அவருடைய ஆட்டோவைக்கூட நான் எங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை.

குழந்தை தெரியாமல் எடுத்துவிட்டது என்று அப்பா சொல்லியிருக்கலாம். என்னைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணை யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள். கன்னத்தைக் கிள்ளிவிட்டு விட்டிருப்பார்கள். ஆனால் அதற்குள் ஒரு மனிதனின் மண்டை உடைந்திருந்தது. ஒரு சின்னப் பெண் தூசி துடைத்ததற்காக ஒருவனை அடித்தோம் என்று தெரிந்தால், அந்தக் கூட்டம் அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் இறக்கியிருக்கும்? வெட்கப்பட்ட கூட்டம் சும்மா கலைந்து போகாது. அவர்களுடைய கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்பா போய் அந்த ஆளாக நின்றார். கண்ணாடி கழுவியிருந்தால்தான் கழுவ எடுத்தேன் என்பதை நம்புவார்கள். அதற்காகத்தான் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தார். இதுவும் நான் வளர்ந்து யோசித்துப் பார்த்துச் சொல்வதுதான். அவர் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது கேட்கவும் முடியாது. சித்தப்பாவிடம் கடைசி வரை உண்மையைச் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா நடந்தது. எங்கள் குடும்பம் கூட்டத்தின் கடைசியில், ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். புதுக் கண்ணாடி இன்னும் வாங்கவில்லை. வெள்ளைக் காரில் வந்த பெரியவர் ஒருவர் கயிற்றை இழுத்தார். நீலத் துணி சரிந்து விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்பா குனிந்து என் காதருகில் கேட்டார். "கண்ணாடி எப்டி கீது?"

"பளபளன்னு கீது நைனா. கரியே இல்ல."

"நல்லா தொடச்சிருக்க" என்றார்.

சித்தப்பா ஒலிபெருக்கியில் கல்வெட்டில் இருந்த பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார். முதல் பெயர். கை தட்டல். இரண்டாவது பெயர். கை தட்டல். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அது கொஞ்சம் இறுகியது. சித்தப்பா நான்காவது பெயரைப் படித்தார்.

எனக்கு அப்போது ஒரு நினைப்பு வந்தது. இரண்டு நாளாகவே அது மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. கேட்டேவிட்டேன்.

"கழுவனது நான்தானே நைனா? நீதான் கழுவ எடுத்தேன்னு ஏன் சொன்ன? எம்பேர யாராண்டயும் சொல்லவே இல்ல."

அப்பா மேடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது, வெறும் நீலமும் வெள்ளையும் மட்டும்தான்.

"ஆமா கண்ணு" என்றார். "உம்பேரச் சொல்ல மறந்துட்டேன்."

தப்பைத் தானே ஒப்புக்கொண்டதால் மன்னித்துவிடலாமா என்று யோசித்தேன். மன்னிக்கக் கூடாது என்று தோன்றியது. தோளிலிருந்து அவர் கையை எடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.